ஆள் குறைந்த நாள்

கரமனை
19-9-2024

அன்பு மகள் சுஜாவுக்கு அப்பா எழுதுவது.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் உனக்குத் தோன்றும். அதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படித்துவிடு. போனில் என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். ஜூன் மாதம் நேரிலேயே வந்தேன். உங்கள் பிளாட் செக்யூரிட்டி ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேல்சாமியாணோ? அகத்து விடண்டா எந்நு மேடம் பறஞ்ஞிட்டுண்டு" என்றான். பெற்ற அப்பனை உள்ளே விடாதே என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிற மகளை நான் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை. கடிதத்தை எந்த செக்யூரிட்டியும் தடுக்க மாட்டான் என்று தோன்றியது. போஸ்ட் ஆபீஸில் இருந்த பெண் விலாசத்தைப் பார்த்து, "இது கழக்கூட்டம் அல்லே அண்ணாச்சி, பஸ்ஸில் கேறிப் போய்க் கொடுத்தூடே" என்று சிரித்தாள், பஸ் ஏறிப் போய்க் கொடுக்கக் கூடாதா என்று. நானும் சிரித்து வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திருவோணத்துக்கு மறுநாள் உன் அம்மாவை டிவியில் காட்டினார்கள்.

மார்ச்சில் ஒரு சேனல்காரர்களின் விருது விழாவுக்கு நூற்றிருபது பேரைக் கூட்டிப் போனேனே, அந்த விழா. ஏப்ரலில் விஷு வாரத்திலேயே ஒருமுறை போட்டார்களாம். அப்போது நம் வீட்டில் டிவியைத் தொடுகிற நிலைமையா இருந்தது? இப்போது ஓணம் லீவுக்கு மறுபடியும் போட்டார்கள். நான் கடைச்சோறு வாங்கி வந்து பிரித்துக்கொண்டிருந்தேன். சிறந்த நடிகை என்று ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அது மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன்னை வளர்க்க அம்மா பட்ட பாட்டையெல்லாம் சொல்லித் தேம்பியது. அந்த நேரத்தில் கேமரா உட்கார்ந்திருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசையில் உன் அம்மா. கண் நிறைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நாலு வினாடி இருக்கும். "பிரேமா" என்று கூப்பிட்டேவிட்டேன். பிறகு சாப்பிடவில்லை.

ஆள் கூட்டிக் கொடுக்கிற இந்தத் தொழில் உனக்குப் பிடிக்காது என்பதால் உள்விவகாரம் தெரியாது. அந்த அழுகை அந்தப் பெண் பேசும்போது எடுத்ததே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கே எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். நட்சத்திரம் ஒன்றுகூட வரவில்லை. மேடையில் ஒரு ஆசாரி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு பையன் மைக்கில், இப்போ கை தட்டுங்க, இப்போ சிரிங்க, இப்போ ஆச்சரியப்படுங்க, இப்போ அழுங்க என்று சொல்லச் சொல்லச் செய்தோம். எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். ஆசாரியைப் பார்த்துத்தான் உன் அம்மா அழுதாள். விருது அந்தப் பெண்ணுக்குப் போனது, அழுகை உன் அம்மாவுடையது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "எப்படிட்டி ஒடனே கண்ணீரு வருது உனக்கு?" என்று. "அழுன்னு யாராச்சும் சொன்னா வந்துரும். வீட்டுல யாரும் சொல்றதில்லேல்லா" என்றாள். அப்போது பெரிய பகடியாகத்தான் எனக்குப் பட்டது.

இருபது வருஷம் மலையாளப் படங்களில் எத்தனை மரண வீட்டில் அழுதிருப்பாள். டைரக்டர்கள் பெயர் தெரியாமல், "ஆ கரயுந்ந சேச்சியெ விளிக்கு" என்பார்கள், அந்த அழுகிற அக்காவைக் கூப்பிடு என்று. எடிட்டிங்குக்கும் லைட்டுக்கும் விருது உண்டு. கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு என்ன விருது கொடுப்பது, யாரை மேடைக்குக் கூப்பிடுவது என்று எவனுக்கும் தெரியாது.

சுஜா, அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளாகத்தான் வந்தாள். இதை நீ நம்ப வேண்டும். ஏப்ரல் ஒன்பது வந்தால் அவள் போய் முதல் வருஷம். அதற்காவது நீ வீட்டுக்கு வர வேண்டும். மகள் இல்லாமல் நான் தனியாக எதை வைத்துப் படைப்பேன்?

அப்பா

கழக்கூட்டம்
6-10-2024

அப்பா,

கிழிக்கவில்லை. படித்தேன்.

எனக்குத் தமிழில் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். வாரப் பத்திரிகைகளை வைத்து அம்மா சொல்லிக் கொடுத்த எழுத்துதான் இது. மெதுவாகத்தான் வருகிறது. அதனால் சுற்றி வளைக்க மாட்டேன்.

அந்த விழாவை நானும் பார்த்தேன். என் ரூமில் இருக்கும் ஜெஸ்லின் யூடியூபில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நாலரை மணி நேரம். சிறந்த கூந்தலுக்கு ஒரு விருது, எண்ணெய் கம்பெனி கொடுத்தது. சிறந்த ஜோடிக்கு ஒன்று, நகைக்கடை கொடுத்தது. நடுவில் இரண்டு பேர் வந்து கறுப்பாக இருப்பவனைப் பற்றி ஒரு ஜோக், தமிழ் பேசுபவனைப் பற்றி ஒரு ஜோக். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பும் நீங்கள் மூன்று மணிக்குச் சிரித்துக் கொடுத்ததுதானா? அம்மா முகம் வந்ததும் ஜெஸ்லின் போனை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அம்மாவைத் தெரியும்.

நீங்கள் அந்த நாலு வினாடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரே வரி. "அவளாகத்தான் வந்தாள்."

அப்பா, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அம்மாவுக்கு மார்ச் கடைசியிலிருந்தே கால் வீக்கம். மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். ஏப்ரல் மூன்றாம் தேதி ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனது நான். நீங்கள் போன் பண்ணி, எப்போ முடியும், மத்தியானம் ஒரு ஷூட்டிங்குக்கு ஆள் வேண்டும் என்றீர்கள். ஆறு நாள் கழித்து, தேர்தல் கூட்டத்துக்கு, ஏப்ரல் மாத வெயிலில், உச்சி நேரத்தில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். எந்தக் கட்சி என்றுகூட நான் கேட்கவில்லை. உங்களுக்கு எல்லாக் கட்சியும் ஒன்றுதான். காலையில் ஒரு கொடி, சாயங்காலம் வேறு கொடி. அம்மாவின் பீரோவில் மூன்று நிறத்திலும் சேலை இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஃப்ளெக்ஸ். நம் தெருமுனையில், "வெயிலிலும் கொள்கைக்காக உயிர் கொடுத்த சகோதரி" என்று அம்மாவின் படம். அம்மாவுக்கு என்ன கொள்கை? மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்து மீன் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கொள்கை. அதை வைக்கச் சம்மதம் கொடுத்தது நீங்கள். அதன் கீழே நின்று தெருவே கேட்கும்படி, "நீங்கதான் கொன்னீங்க" என்று நான் கத்தினேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். இருபத்தாறாம் தேதி நான் ஓட்டுப் போடப் போகவில்லை. இனி எந்தத் தேர்தலுக்கும் போவேன் என்று தோன்றவில்லை.

அந்தக் கூட்டம் நடந்த வாரம் எனக்கு ஆபீஸில் ரிலீஸ், புது சாஃப்ட்வேரை வெளியே விடுகிற வேலை. லீவு கிடைத்திருந்தால் நானே அவளை. விடுங்கள்.

என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதுங்கள். அதற்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

சுஜா

கரமனை
14-10-2024

சுஜாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். எழுத்து அவளுடையது மாதிரியே இருக்கிறது. உள்ளபடி கேட்டாய். எழுதுகிறேன்.

அவளாக வரவில்லை. நான் சொன்னது பொய்.

ஐம்பது பெண்கள் என்று பேச்சு. கட்சியில் கூட்டத்துக்குப் பொறுப்பு ராஜையன். அவன் பஸ் வாசலில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு தலையையும் விரலால் தொட்டு எண்ணுவான். அன்றைக்குக் கரமனைப் பாலத்துப் பக்கத்தில் இரண்டு வீட்டில் கல்யாணம். நாலு பேர் குறைந்தது. "வேல்சாமி, நாற்பத்தாறு ஆளெ வச்சு ஞான் எந்து செய்யான்? அடுத்த தவண வேற ஆளெ நோக்கட்டே?" என்றான், அடுத்த தடவை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று. மற்ற மூன்று பேரைப் பக்கத்துச் சந்திலேயே பிடித்துவிட்டேன். ஒன்று குறைந்தது. வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு ஆளு கொறயுது. ஏறு" என்றேன்.

"நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி இருக்கு, கேட்டியளா" என்றாள்.

"உக்காரத்தானே போற? கசேரி போட்டிருக்கான்" என்றேன்.

உனக்கு அவளைத் தெரியும். வழக்கமாக இதற்கு ஆயிரம் நியாயம் பேசுவாள். எத்தனையோ தடவை என்னை வாசலில் நிற்க வைத்து, முடியாது போங்க என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி, கொழப்பமொண்ணும் இல்ல. வாறேன்" என்று சேலை மாற்றப் போனாள். அந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் விட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்தல் மேடைக்கு மட்டும்தான் இருந்தது. ஆட்கள் உட்கார்ந்த இடம் வெட்டவெளி. பெண்கள் குடை கொண்டு வந்திருந்தார்கள். குடை பிடித்தால் கேமராவில் முகம் தெரியாது, வெறும் குடைதான் தெரியும். அதனால் என் ஆட்களுக்கு எப்போதும் ஒரு சட்டம் உண்டு: தலைவர் வந்ததும் குடையை மடக்க வேண்டும். அன்றைக்குத் தலைவர் இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் வரிசை வரிசையாகப் போய், "மடக்குங்க, மடக்குங்க" என்றேன். அவளும் மடக்கினாள். அவர் வர இரண்டு மணி நேரம் ஆனது.

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு இடம் காலியாகத் தெரிந்தது. சுஜா, எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? யாரோ எழுந்து போய்விட்டாள், கேமரா வருவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தியைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்று. ஒருத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கிட்டே போனால் நாற்காலிக்குக் கீழே கிடந்தது உன் அம்மா.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லத்தான் ஜூனில் வந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அன்றைக்கும் பொய் சொல்லத்தான் வந்தேன்.

ஃப்ளெக்ஸுக்கு ராஜையன் கேட்டபோது தலையை ஆட்டினேன். டைட்டிலில் ஒரு தடவைகூடப் பெயர் வராதவள், தெருவிலாவது கொஞ்ச நாள் பெயரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். அது தப்புதான். மழையில் கிழிந்து தொங்கியபோது நானே அவிழ்த்துவிட்டேன்.

ஏப்ரலுக்குப் பிறகு ஆள் கூட்டுகிற வேலைக்குப் போவதில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறேன். நீ சொன்னது சரி. நான்தான் கொன்றேன்.

அப்பா

கரமனை
2-1-2025

சுஜாவுக்கு,

உள்ளபடி எழுது என்றாய், எழுதினேன். இரண்டரை மாதமாகப் பதில் இல்லை. படித்துவிட்டு ஒரேயடியாகத் தலைமுழுகிவிட்டாயோ என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடு. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன்.

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பரில் திரைப்பட விழா நடந்தது. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது ஒரு தியேட்டர் வாசலில் நின்று பார்த்தேன். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, ஏதோ தேசத்துப் படத்துக்கு ஐந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரும் பஸ் வைத்துக் கூட்டி வரவில்லை, யாரும் தலையைத் தொட்டு எண்ணவில்லை. தானாக வந்த கூட்டத்தைப் பார்த்துப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பையன், "அங்கிளே, கியூ அவிடெயாணு" என்று வரிசையின் கடைசியைக் காட்டினான். வந்துவிட்டேன்.

இந்த வருஷக் கடைசியில் கார்ப்பரேஷன் தேர்தல். ராஜையன் இப்போதே வந்துவிட்டான். வார்டில் பெண்களைச் சேர்த்துக் கொடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்றான். டீ கொடுத்து அனுப்பினேன். அவன்மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. ஆளைக் கேட்டது அவன், கொடுத்தது நான்.

சமையல் கொஞ்சம் வந்துவிட்டது. குழம்புக்கு மட்டும் உப்பு பிடிபடவில்லை. அவளிடம் கேட்க நினைத்து அடுக்களையைப் பார்த்துத் திரும்புகிறேன், தினமும் ஒரு தடவையாவது.

அப்பா

கழக்கூட்டம்
16-2-2025

அப்பா,

நீங்கள் அக்டோபரில் எழுதியதற்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது சொல்கிறேன். உங்கள்மேல் இருந்த கோபத்தால் இல்லை. படித்து முடித்தபோது கோபப்பட என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் கொடுத்தது.

ஸ்கேன் சென்டர்காரர்கள் ரிப்போர்ட்டை என் போனுக்குத்தான் அனுப்பினார்கள். ஏப்ரல் ஆறு, சனிக்கிழமை சாயங்காலம். இங்கிலீஷில் ஐந்து பக்கம். பாதி எனக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் டாக்டர் எழுதியிருந்த வரி புரிந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. உடனே என்பதை இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ் முடியும். அன்றைக்குக் கூட்டிப் போகலாம், ஆறு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். உங்களிடம் சொன்னால் நீங்கள் அவளிடம் சொல்லிவிடுவீர்கள். அவளுக்குத் தெரிந்தால் அழுவாள், அரை மணிக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள். எனக்கு அந்த வாரம் மட்டும் யாரும் போன் பண்ணாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பத்து மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவே போன் பண்ணினாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். எழுந்து வெளியே வந்துதான் பேசினேன்.

"ரிப்போர்ட்டு வந்துச்சா மோளே?"

"வந்துச்சும்மா. கொழப்பமொண்ணும் இல்ல. வெள்ளிக்கிழம சும்மா டாக்டரை ஒண்ணு பாத்துக்கலாம்."

"நெசமாத்தானா? மூணு நாளா ஒறக்கமே இல்ல எனக்கு."

"நெசந்தாம்மா."

"நாளைக்கு ஒரு கூட்டம் இருக்கு. அப்பா கூப்பிட்டா போவலாம் அல்லே?"

"போயிட்டு வாங்க. வீட்டுலயே அடஞ்சு கெடந்தா நோவுதான் வரும்."

சிரித்தாள். "இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு" என்றாள். வைத்துவிட்டேன். ஒரு நிமிஷமும் பத்து வினாடியும் பேசியிருக்கிறோம். போனில் இன்னும் இருக்கிறது.

மறுநாள் நீங்கள் ஏறு என்றபோது அவள் சொன்ன "கொழப்பமொண்ணும் இல்ல" என் வார்த்தை அப்பா. அவளுடையது இல்லை.

ஃப்ளெக்ஸின் கீழே நின்று நான் கத்தியபோது என் பையில் அந்தப் போன் இருந்தது. உங்களைப் பார்த்துக் கத்தக் கத்த எனக்கு நிம்மதியாக இருந்தது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். தெருவே உங்களைப் பார்த்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, ஸ்கேன் எடுத்தாயே, என்ன ஆச்சு என்று. நீங்களும் கேட்கவில்லை. உங்களை உள்ளே விட வேண்டாம் என்று செக்யூரிட்டியிடம் சொன்னதற்கும் அதுதான் காரணம். வந்தால் ஒருநாள் கேட்டுவிடுவீர்கள்.

ஜெஸ்லினிடம்கூடச் சொல்லவில்லை. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். என்னைத் திட்டுங்கள். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சுஜா

கரமனை
30-3-2025

சுஜா,

எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லட்டுமா? நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். பத்து மாதத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

மறுநாள் காலையில் கோபம் வந்தது. உன்மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு எந்நாளும் வந்ததில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைக் கொலைகாரன் என்றாயே. நான் வாயைத் திறக்கவில்லையே. சாலைத் தெருவில் யாராவது இரண்டு பேர் சேர்ந்து நின்று சிரித்தால் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து நடந்திருக்கிறேன். எல்லாம் தெரிந்துகொண்டே நீ பத்து மாதம் என்னை அப்படி நடக்க விட்டாய். அந்த நாலு கடிதத்திலும் இதைத்தான் எழுதினேன், இதைவிட மோசமான வார்த்தைகளில். உன் அம்மா இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பாள்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய். இனி உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று இருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. நீ என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவும் போவதில்லை. நீ சொல்லாமல் இருந்ததால் வந்தாள். நான் ஏறு என்றதால் ஏறினாள். குடையை மடக்கு என்றதால் மடக்கினாள். இதில் எது முந்தி, எது பிந்தி என்று பிரித்துப் பார்த்தால் நமக்கு என்ன கிடைக்கும்? யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது.

உனக்குத் தூக்கம் வருகிறதா என்று நேற்றுத்தான் யோசித்தேன். எனக்காவது தெருவில் நாலு பேர் வைதார்கள். வைதால் கொஞ்சம் ஆறும். உன்னை வைய யாரும் இல்லாமல் இத்தனை நாள் எப்படித்தான் இருந்தாயோ.

ஒன்பதாம் தேதி புதன்கிழமை. லீவு கேட்டு வை. கிடைக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கு. பதினோரு மணிக்குப் படையல். வஞ்சிர மீனும் மரச்சீனிக் கிழங்கும் வைக்கிறேன், அவளுக்குப் பிடித்தது. நான் உன்னோடு சரியாகப் பேசாமல் இருக்கலாம். முகத்தைப் பார்க்காமலும் இருக்கலாம். அதற்காகப் பாதியில் எழுந்து போய்விடாதே. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வரும்போது அந்த ரிப்போர்ட்டைக் காகிதத்தில் எடுத்து வா. ஐந்து பக்கமும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வெயில் என்றார்கள், மாரடைப்பு என்றார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் கூடவே இருந்தவளுக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. உனக்குப் புரியாத இடத்தை யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள். படையல் முடிந்ததும் அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்துச் சொல். எதையும் விடாதே. அவளும் கேட்கட்டும்.

அப்பா